குப்பை உயர்ந்த கதை

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலையில் திருத்தணி மலையேறுவது எங்கள் நண்பர் குழுவின் நெடுநாள் வழக்கம். திருவிழா நாளன்று ஏறும் துணிவு எங்களுக்கு இல்லை. மஞ்சளாடை உடுத்து, புஷ்பக் காவடி சுமந்து, தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சொலியோடு 365 படிகளையும் நிறைத்துச் செல்லும் லட்சக்கணக்கானோரிடையே, புத்தகம் பேசிக்கொண்டு ஏறும் நான்கைந்து பேருக்கு இடமேது? மறுநாள் கூட்டம் சற்றே தணிந்திருக்கும். முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை என்பதால்தான் தணிகை என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு ஏறியபோது படியோரத்தில் குவிந்து கிடந்தவற்றை நின்று பார்த்தோம். காவடியிலிருந்து உதிர்ந்த சாமந்தியும் கோழிக்கொண்டையும், சோறு ஒட்டிய இலைகள், தொன்னைகள், தேங்காய் மூடிகள், தண்ணீர்ப் பாட்டில்கள், பாலித்தீன் உறைகள், ஒற்றைச் செருப்புகள். இரவு பெய்த தூறலில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. முடி காணிக்கை செலுத்தும் இடத்துக்கு வந்தபோது அங்கே வேறொரு காட்சி. மழித்த முடி வேறெதனோடும் கலவாமல் திரட்டப்பட்டுக் கொண்டிருந்தது. கோயில்களில் காணிக்கை முடி ஏலத்துக்குப் போகும். அதில் வரும் தொகை கோயில் கணக்கில் சேரும். எங்களில் ஒருவர் கேட்டார்: "தலையிலிருந்து கழித்த முடிக்கு விலை உண்டு. தலையில் சுமந்து வந்த பூவுக்கு ஏன் இல்லை?"

வேடிக்கையாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடப் போய், குப்பையிலிருந்து மின்சாரமும் எரிவாயுவும் எடுக்க முயன்றவர்களின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டோம். அங்கே நாங்கள் கண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

முதலில் சொல்லைப் பார்ப்போம். சங்கப் பாடல்களில் குப்பை என்பது இழிபொருள் தரும் சொல்லன்று. குவியல் என்பதே அதன் பொருள். உமணர் குவித்து வைத்த வெண்ணிற உப்பும் அங்கே குப்பைதான். தொண்டை நாட்டு உழவர் பேச்சில் இன்றும் குப்பை என்றால் தொழுவுரம். கோடை உழவுக்கு முன்னர் "குப்பை அடிச்சாச்சா?" என்று ஒருவர் கேட்டால், நிலத்துக்கு எரு போட்டாயிற்றா என்று பொருள். கொல்லைப்புறத்துக் குப்பைக்குழியில் சாணமும் சாம்பலும் சருகும் சமையற்கட்டுக் கழிவும் விழும். ஆண்டுக்கொருமுறை அது வண்டியேறி வயலுக்குப் போகும். அக்குழிக்குள் விழுந்தவை பலவானாலும் அவை யாவும் மண்ணுக்குத் திரும்பும் தன்மையுடையவை.

நகரக் குப்பை வேறு. அங்கே மண்ணுக்குத் திரும்புவதும் திரும்பாததும் ஒரே தொட்டியில் விழுகின்றன. முட்டைக்கோசு இலையும், மின்கலமும், கண்ணாடிச் சில்லும், மருந்துப் பட்டையும், கட்டட இடிபாடும் ஒரே லாரியில் ஏறுகின்றன. குப்பை என்பது ஒரு பொருளின் பெயராக இருந்தது போய், பொருள்கள் கலந்து கிடக்கும் ஒரு நிலையின் பெயராயிற்று. இந்த மாற்றத்தைக் கவனியாமல் உலை கட்டியவர்களின் கதையே இனி வருவது.

*

1874இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ஆல்பிரட் பிரையர் வடிவமைத்த குப்பை எரியுலை எழுந்தது. அதற்கு 'அழிப்பான்' என்று பொருள்படும் பெயரையே சூட்டினர். அடுத்த கட்டமாக, 1897இல் லண்டனின் ஷோர்டிச் பகுதியில், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தைப் புகழ்பெற்ற இயற்பியலாளர் கெல்வின் பிரபு திறந்துவைத்தார். எஞ்சிய வெப்பம் பக்கத்திலிருந்த பொதுக் குளியலறைகளுக்கு வெந்நீர் தந்தது. தூசியிலிருந்து ஒளியும் ஆற்றலும் என்பது அந்நிலையத்தின் இலத்தீன் வாசகம்.

தூசி என்ற சொல் இங்கே வெறும் அணியன்று. அக்கால லண்டனில் வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. குப்பைத் தொட்டியில் விழுந்ததில் பெரும்பங்கு சாம்பலும் பாதி எரிந்த கரியுமே. அதாவது லண்டன்காரர்கள் எரித்தது ஏற்கெனவே ஒருமுறை எரிந்த எரிபொருளின் மிச்சத்தை. உலை வென்றதன் இரகசியத்தில் ஒரு பாதி அத்தொட்டிக்குள் இருந்தது.

அதே 1897இல், பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் வேறொரு விளக்கு எரிந்தது. அங்கே மனிதக் கழிவை மூடிய தொட்டியில் நொதிக்க விட்டு, அதில் எழுந்த வாயுவைக் கொண்டு விளக்கேற்றினார்கள். காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் ஈரக் கழிவைத் தின்று மீத்தேனை வெளியிடுகின்றன, மீத்தேன் எரியும். மாட்டின் வயிற்றுக்குள் நடப்பதும் இதுவே. லண்டன் தீயை நம்பியது. மாதுங்கா வயிற்றை நம்பியது. ஊர் தள்ளிவைத்தவர்களின் இல்லத்தில், ஊர் தள்ளிவைத்த பொருளிலிருந்து எழுந்த அந்த ஒளியை நம் வரலாற்று நூல்கள் பெரிதாகக் கொண்டாடியதில்லை.

எனினும் அந்த வழி அற்றுப்போகவில்லை. 1950களில் ஜஷ்பாய் படேல் மிதக்கும் மூடி கொண்ட சாண எரிவாயுக் கலனை வடிவமைத்தார். காதி கிராமத் தொழில் ஆணையம் அதை ஊர்தோறும் கொண்டுசென்றது. தமிழ்நாட்டில் கோபர் காஸ் என்ற பெயரோடு பல தோட்டங்களில் அது இடம்பிடித்தது. இதற்கிடையே இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட், யஷ்வந்த் வாட் என்ற துணைவரோடு சேர்ந்து பண்ணைக் கழிவை எருவாக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். உலகம் அதை இந்தூர் முறை என்று இன்றும் அழைக்கிறது. நம் உழவரின் குப்பைக்குழியும் சீனத்து எருக்குழியும் தமக்கு ஆசான்கள் என்பதை ஹோவர்ட் மறைத்தவரல்லர்.

*

1980களில் இந்திய நகரங்கள் குப்பையை மின்சாரமாக்க விரும்பியபோது, அருகிலிருந்த மாதுங்கா வழியை விட்டுவிட்டுத் தொலைவிலிருந்த லண்டன் வழியைப் பிடித்துக்கொண்டன. 1987இல் தில்லியின் திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தோடு ஓர் எரியுலை அமைந்தது. நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுப்பது திட்டம். சோதனை ஓட்டம் 21 நாட்களோடு நின்றது. உலை எதிர்பார்த்த வெப்பத்தில் பாதியளவைக்கூடத் தில்லிக் குப்பை தரவில்லை.

காரணம் எளிது. நம் குப்பையில் பாதிக்கு மேல் சமையற்கட்டிலிருந்தும் சந்தையிலிருந்தும் வருவது. அதில் நீரே மிகுதி. அறை வெப்பத்திலுள்ள ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 600 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதிப் பார்த்த எந்தத் தாய்க்கும் இது தெரியும். போதாக்குறைக்குத் தெருக்கூட்டிய மண்ணும் இடிபாடும் அதனோடு கலந்து வருகின்றன. நம் வீடுகளில் எரியத்தக்க காகிதமும் அட்டையும் நல்ல பிளாஸ்டிக்கும் தொட்டிக்கு வருமுன்பே பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகின்றன. எஞ்சியதை எரிக்கச் சொன்னால் உலை என்ன செய்யும்?

வயிற்றை நம்பிய ஆலைகளும் கலப்புக் குப்பையிடம் தோற்றன. 2003இல் லக்னோவில் நாளொன்றுக்கு 300 டன் குப்பையிலிருந்து சாண எரிவாயு முறையில் 5 மெகாவாட் எடுக்க ஓர் ஆலை தொடங்கப்பட்டது. மண்ணும் கல்லும் பிளாஸ்டிக்கும் கலந்த குப்பை அதன் வயிற்றை அடைத்தது. அவ்வாலை நெடுநாள் ஓடவில்லை. ஆகவே குற்றம் தீயினதா வயிற்றினதா என்ற வழக்குக்கு இங்கே இடமில்லை. இரண்டையும் வீழ்த்தியது கலப்பு.

சென்னையும் இந்தக் கனவு கண்டது. பள்ளிக்கரணைச் சதுப்பின் மேல் வளர்ந்த பெருங்குடிக் குப்பைமேட்டில், குப்பையை வாயுவாக்கி மின்சாரம் எடுப்பதாக 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் முன்வந்தது. அதே தொழில்நுட்பத்துக்கு முன்மாதிரியாக ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் நகரில் நிறுவிய ஆலையே 2004இல் கைவிடப்பட்டது. பெருங்குடியில் ஆலை எழவேயில்லை. குப்பை மட்டும் எழுந்துகொண்டே இருந்தது. 2022 ஏப்ரலில் அது தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்தது. எடுக்கப்படாத ஆற்றல் தானே வெளிப்பட்ட விதம் அது.

நீதிமன்றமும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. 1996இல் அல்மித்ரா படேல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பின்னணியில்தான் 2000ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகள் பிறந்தன. 2005இல், குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் புதிய திட்டங்களுக்கு அரசு மானியம் வழங்குவதை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2007இல் சில முன்னோடித் திட்டங்களுக்கு மட்டும் வழிவிட்டது. 2016இல் வந்த புதிய விதிகள், கிலோவுக்கு 1,500 கிலோகலோரி வெப்பம் தரக்கூடிய, மறுசுழற்சிக்கு உதவாத கழிவைக் கொட்டாமல் ஆற்றலுக்குப் பயன்படுத்தச் சொல்லின. அந்த அளவை எட்ட வேண்டுமானால் ஈரக்கழிவை முன்னரே பிரித்தாக வேண்டும். எண்ணாகச் சொன்னாலும் விதி சொன்னது பிரிப்பைத்தான்.

*

குவித்த குப்பையைக் கிளறாமல், மேட்டுக்குள் குழாய் இறக்கி வாயுவை உறிஞ்சும் மூன்றாம் வழியும் உண்டு. புதைந்த ஈரக்கழிவு காற்றின்றி அழுகும்போது எழும் வாயுவில் ஏறத்தாழ பாதி மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 28 மடங்கு புவியைச் சூடாக்கும் அதைப் பிடித்து எரித்து மின்சாரம் எடுப்பது நல்ல செயலே. ஆனால் அது யார் வீட்டு வாசலில் நடக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கிளேர் எஸ்டேட் என்றொரு பகுதி. கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர், தெலுங்கர் முதலியோரின் வழித்தோன்றல்கள் வாழும் நகரம் டர்பன். இனவொதுக்கல் ஆட்சி இந்தியருக்கென்று ஒதுக்கிய அப்பகுதியின் நடுவில் 1980இல் பிசாசர் சாலைக் குப்பைமேடு திறக்கப்பட்டது. அதை மூடக் கோரிப் போராடியவர்களுள் முதன்மையானவர் சஜிதா கான். உலகச் சந்தையில் கரிமக் கடன் விற்று அம்மேட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் வந்தபோது, வருமானம் தரும் மேட்டை இனி யாரும் மூடமாட்டார்கள் என்று அவர் எதிர்த்தார். தாமே புற்றுநோயாளியாக இருந்த அவர் 2007இல் மறைந்தார். 2008இல் அங்கே மின்சாரம் உற்பத்தியாயிற்று. 6.5 மெகாவாட் திறன் கொண்ட அத்திட்டத்தை வெற்றியென்று குறிக்கும் ஏடுகள் உண்டு. அவை பொய்யல்ல. அவற்றில் அந்தப் பெண்மணியின் வீடு இல்லை என்பதே எங்கள் குறை.

இன்னும் அருகில், கொழும்பின் மீதொட்டமுல்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். சிங்களரும் தமிழரும் ஒரே நாளில் கொண்டாடும் பண்டிகையன்று பிற்பகலில் அங்கிருந்த குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் கோஷே குப்பைமேடு சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. இரு நகரங்களிலும் பின்னர் எரியுலைகள் இயங்கத் தொடங்கின: அடிஸ் அபாபாவில் 2018இல், கொழும்புக்கு அருகே கெரவலப்பிட்டியில் 2021இல். குப்பை உயர்ந்தது, கோபுரம் தாழ்ந்தது என்ற பழமொழியை நாம் மனிதரின் ஏற்றத்தாழ்வுக்குச் சொல்லி வந்தோம். அது சொல்லுக்குச் சொல் உண்மையான காலத்தில் வாழ்கிறோம்.

*

வெற்றிக் கதைகளே இல்லையா? உண்டு. அவை யாவற்றிலும் ஒரு பொதுத்தன்மையைக் கண்டோம்.

சென்னை கோயம்பேட்டு மொத்த விற்பனைச் சந்தையில், நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவை எரிவாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் ஆலையைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்தது. 2005இல் அது இயங்கத் தொடங்கியது. லக்னோவில் பின்பற்றிய வழியே இங்கும். வேறுபாடு மூலப்பொருளில் இருந்தது. ஊர்க் குப்பையைச் சுமந்துவந்து கொட்டவில்லை. சந்தையில் சேர்ந்த கோசும் தக்காளியும் கீரைத் தண்டும் நேரே ஆலைக்குப் போயின. வாழைத்தார்த் தண்டு போன்ற நார்ப்பொருள்கள் மட்டும் நுண்ணுயிர்களுக்கு எளிதில் செரிப்பதில்லை.

இதே கருத்தைச் சிறிய அளவில் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சரத் காலே சமையற்கூடக் கழிவுக்கென்று நிசர்க்ருணா கலனை உருவாக்கினார். புணேயில் ஆனந்த் கர்வே குழுவினர் வீட்டு மாடியில் வைக்கத்தக்க சிறு கலனை வடித்து 2006இல் ஆஷ்டன் விருது பெற்றனர். மறு ஆண்டு அவ்விருதைப் பெற்ற திருவனந்தபுரத்து பயோடெக் நிறுவனம் கேரளத்தின் வீடுகளுக்கும் சந்தைகளுக்கும் அத்தகைய கலன்களை அமைத்துத் தந்தது.

பெரிய அளவில் இந்தூர். 2022 பிப்ரவரியில் அங்கே திறக்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவிலிருந்து 17,000 கிலோ இயற்கை எரிவாயு எடுக்கும் திறனுடையது. அவ்வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடின. ஆலையைப் புகழ்வோர் அதற்கு முன் நடந்ததைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பல ஆண்டுகள் வீடுவீடாகச் சென்று, ஈரக்கழிவையும் உலர்கழிவையும் வீட்டிலேயே பிரித்துத் தரும் பழக்கத்தை அந்நகரம் ஊன்றியது. ஆலை அப்பழக்கத்தின் மேல் எழுந்த கட்டடம். ஹோவர்டின் ஊரிலேயே அது நிகழ்ந்தது தற்செயல்தான். ஆனால் மகிழத்தக்க தற்செயல்.

திருத்தணிப் படியில் எழுந்த கேள்விக்கு இங்கே விடை கிடைத்தது. முடிக்கு விலை உண்டு, ஏனெனில் அது பிறந்த இடத்திலேயே தனியாகத் திரட்டப்படுகிறது. பூவுக்கு விலை இல்லை, ஏனெனில் அதைச் செருப்போடும் பாட்டிலோடும் சேர்த்துவிட்டோம். நூற்றைம்பது ஆண்டுக் கால உலைகளும் கலன்களும் குழாய்களும் நமக்குச் சொல்வது இவ்வளவே: கலப்பதற்குச் செலவில்லை, கலந்ததைப் பிரிப்பதற்கு எந்த இயந்திரத்தாலும் கட்டுப்படியாகாது.

*

பிரிப்பை இயந்திரம் செய்யாவிட்டால் யார் செய்வது? இதுவரை செய்து வந்தவர்களை நாம் அறிவோம். 300 ஏக்கருக்கும் மேற்பட்ட கொடுங்கையூர்க் குப்பைமேட்டில், நாம் ஒரு நொடியில் கலந்து எறிந்ததை நாள் முழுவதும் குனிந்து பிரித்தவர்கள் வடசென்னையின் ஏழைப் பெண்களும் சிறுவர்களும். நகரின் மறுசுழற்சி அவர்களின் கைகளில் நடந்தது. ஈரக்கழிவையும் உலர்கழிவையும் வெறுங்கையால் துழாவும் துப்புரவுத் தொழிலாளரின் விரல்களில் உள்ள வெட்டுக்காயங்கள் நம் வீட்டுக் கண்ணாடிச் சில்லுகள் இட்டவை.

கொடுங்கையூரில் பழங்குப்பையை அகழ்ந்து பிரிக்கும் பணி 2024இல் தொடங்கியது. அதே இடத்தில் எரியுலை அமைக்கும் திட்டமும் வந்தது. ஏற்கெனவே அனல்மின் நிலையங்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் சூழ்ந்த பகுதியில் இன்னொரு புகைபோக்கி வேண்டாம் என்று 2025 மே மாதத்தில் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். எரியுலையை ஆதரிப்போரின் வாதத்தையும் நாங்கள் கேட்டோம்: நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் சேரும் நகரில் கொட்டுவதைவிட எரிப்பது மேல் என்கிறார்கள், நவீன வடிகட்டிகள் நச்சை நிறுத்தும் என்கிறார்கள். முதல் வாதத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது, வடிகட்டிகளை ஒவ்வொரு நாளும் முறையாகப் பேணுவதைப் பொறுத்தது. ஆனால் பசித்த உலைக்கு நாள்தோறும் குப்பை ஊட்டியாக வேண்டும். குப்பை குறைவதை விரும்பாத ஒரு நிறுவனத்தை நகரின் நடுவில் கட்டியெழுப்பும் முன் திமார்பூரையும் லக்னோவையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

திருத்தணி ஒரு காலத்தில் எல்லைப் போராட்டத்தின் பெயர். ம.பொ.சி. முதலியோர் தணிகை தமிழருக்கே என்று போராடினர். 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின் வழியே, 1960 ஏப்ரல் 1 அன்று அது ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இந்த மலை எங்களுடையது என்று சிறை சென்றவர்களின் மண் இது. இன்று எல்லா ஊர்களிலும் நடப்பது அதற்கு எதிரான போராட்டம்: இந்தக் குப்பைமலை எங்களுடையது அன்று. மலையை உரிமை கொண்டாடியவர்கள், அதன் படியில் தாம் விட்டுச்செல்வதையும் உரிமை கொண்டாட வேண்டாமா?

சென்ற முறை இறங்கி வரும்போது அடிவாரத்தில் பூக்கட்டும் மூதாட்டி ஒருவர், விற்காத பூவையும் வாடிய மாலைகளையும் ஒரு சாக்கில் தனியே சேர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கையிலிருந்த மாலையைப் போடலாமா என்று கேட்டோம். வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நைலான் நூல்ல கட்டினது வாணாம் சாமி. வாழநார்ல கட்டினதா இருந்தா போடுங்க. குப்பைக்கு ஆவும்."

அவர் குப்பை என்றது எருவை. எங்கள் மாலை நைலான் நூலில் கட்டியது. அங்கேயே அமர்ந்து, நூலை உருவி, பூவை மட்டும் சாக்கில் போட்டுவிட்டு ரயிலுக்கு நடந்தோம்.